தேயிலை மலையில் கால்பந்து: ஏலப்பாறை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டில் ஒரு விளையாட்டு வேரூன்றுவதற்கு அந்நாட்டு மக்களின் இயல்பும் தட்பவெப்பமும் ஆட்சியாளரின் பண்பாடுமே காரணங்கள் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. இக்கூற்று முழுமையாக ஏற்கத்தக்கதன்று. அமெரிக்காவும் கனடாவும் 1844இலேயே நியூயார்க்கில் கிரிக்கெட் ஆடின. ஆயினும் அமெரிக்கரின் ஆட்டமாக நிலைபெற்றது பேஸ்பால். ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்படாத அர்ஜென்டினாவிலோ, அவர்தம் இரயில்வேப் பணியாளரும் பள்ளி ஆசிரியரும் கொண்டுசென்ற கால்பந்து மக்கள் விளையாட்டாயிற்று. விளையாட நிலமும் நேரமும் யாருக்குக் கிடைத்தன என்ற வினாவே இங்கு அடிப்படையானது. கேரளத்தின் மலைத்தோட்டத் தமிழரிடையே இவ்வினாவுக்கான விடை தெளிவாகப் புலப்படுகின்றது.

இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில் அமைந்தது ஏலப்பாறை. பெயரில் ஏலம் இருப்பினும் சுற்றிலும் பரந்து கிடப்பது தேயிலையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருவிதாங்கூர் அரசின் ஆட்சிப்பரப்பில் இருந்த இம்மலைகளில் ஐரோப்பியர் காப்பி பயிரிட்டனர். இலைநோயால் காப்பி அழியத் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கங்காணிகள் வாயிலாக மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக மலையேறியோர் பலர். சடுகுடு, கிளித்தட்டு, சிலம்பம் முதலியன அவர்கள் அறிந்த ஆட்டங்கள். சடுகுடுவுக்குக் கருவி வேண்டா. சிறு முற்றமே போதும். அவ்வாறாயின் மலையில் அதுவே தலைமை ஆட்டமாகியிருக்க வேண்டும். ஏன் ஆகவில்லை?

சடுகுடு ஊரைச் சார்ந்த ஆட்டம். தெருவுக்கு ஓர் அணி, ஊருக்கு ஓர் அணி என்ற பிணைப்பில் அது வாழ்வது. மலையில் பல ஊரார் ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் குடியமர்த்தப்பட்டனர். பழைய ஊர் உடைந்த இடத்தில் ‘எஸ்டேட்’ புதிய ஊராயிற்று; எந்த ஊர் என்று கேட்கும் இடத்தில் எந்த எஸ்டேட் என்று கேட்கும் வழக்கம் பிறந்தது. இப்புதிய ஊருக்கு ஏற்ற அணியைக் கால்பந்து அளித்தது எனக் கொள்ள இடமுண்டு.

இதில் நிறுவனத்தின் பங்கு சிறிதன்று. சரிவுகளே நிறைந்த மலையில் சமதளம் அரிய பொருள். அது முழுதும் நிறுவனத்தின் உடைமை. டென்னிசும் கோல்ஃபும் துரைமார் கிளப்புக்குள் நின்றன. பகலெல்லாம் ஆட்களும் ஆடுகளமும் தேவைப்படும் கிரிக்கெட், கொழுந்தின் எடையால் நாளை அளந்த தொழிலாளிக்கு எட்டாததாயிற்று. ஒரு பந்து, ஒன்றரை மணி நேரம், வெறுங்கால் ஆகியவை கால்பந்துக்குப் போதுமானவை. மூணாற்றில் தோட்ட அணிகளுக்கிடையே 1940களில் தொடங்கிய ஃபின்லே கேடயப் போட்டி இதற்குச் சிறந்த சான்று. தோட்டத்தின் உரிமை ஃபின்லேயிடமிருந்து டாட்டாவுக்கும், 2005இல் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனத்துக்கும் மாறிய பின்னரும் அக்கேடயம் பழைய பெயருடனே நின்றது. தொழிலாளரை அமைதிப்படுத்தவே நிறுவனங்கள் ஆட்டத்தை ஊக்கின என்பாரும் உளர். அதில் உண்மையுண்டு. எனினும் ஒரு கேடயத்தை வெல்லத் துடித்த அணியின் பெருமிதம் முழுவதையும் மேலாளரின் கணக்கில் எழுதிவிட இயலாது.

மழையே காரணம் என்னும் வாதத்திற்கு இலங்கை தக்க மறுப்பாகும். அங்கும் தேயிலை, அங்கும் மழை, அங்கும் கங்காணி. ஆயினும் அந்நாட்டின் ஆட்டம் கிரிக்கெட். 1879இல் தொடங்கிய ராயல் - புனித தோமையார் கல்லூரி ஆட்டம் முதலாக, அது கொழும்பின் உயர்பள்ளிகள் வளர்த்த செல்வம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழருக்கு அப்பள்ளிகளின் வாயில் எளிதில் திறக்கவில்லை. தேயிலைத் தோட்டத்திற்கு வந்த தமிழரின் பேரரான முத்தையா முரளிதரன் 800 விக்கெட்டுகள் எய்தியதும் கண்டி புனித அந்தோனியார் கல்லூரி வழியேதான்; லயத்து வழியே அன்று.

கேரள மலைத்தமிழருக்கும் ‘எவ்விடத்தார்’ என்ற வினா எழுந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுடன் சேர வேண்டுமென்ற கோரிக்கை நிறைவேறவில்லை. மலையாளியும் தமிழரும் ஒரே திடலோரம் நிற்கக் கால்பந்து இடந்தந்தது. கேரளம் 1973இல் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அது மாநிலம் முழுமைக்குமான ஆட்டமாகவும் ஆகியிருந்தது.

இவ்வரலாற்றில் பெண் இல்லை என்பது நெருடும் செய்தி. கொழுந்து பறிப்போருள் பெரும்பான்மையர் பெண்களே. மாலையில் ஆடவர் திடலுக்குச் செல்ல, பெண்ணுக்கு விறகும் அடுப்பும் காத்திருந்தன. 2015இல் மூணாற்றுத் தெருக்களைப் ‘பெண்கள் ஒற்றுமை’ போராட்டத்தால் நிறைத்தவர்களுக்கு அத்தோட்டத்துத் திடலில் ஒருபோதும் அணி இருந்ததில்லை எனின் வியப்பில்லை.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தொழிலாளருக்கும் குழந்தைகளுக்கும் பொழுதுபோக்கு வசதிகள் செய்துதர நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விதிகளை வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, கூலியே நின்றவிடத்தில் திடலைப் பற்றிக் கேட்பார் இலர். 1983 உலகக் கோப்பைக்குப் பின் தொலைக்காட்சி வழியே பரவிய கிரிக்கெட், அதற்குள் லயங்களின் வாயிலுக்கும் வந்திருந்தது. இரப்பர்ப் பந்தும் பலகை மட்டையும் கொண்டு ஆடும் அந்தக் கிரிக்கெட்டுக்கு முற்றமே போதும். நிறுவனத்தின் சமதளம் வேண்டுவதில்லை.