வாள்களை எழுதிய சத்தியாக்கிரகி

சுந்தாவின் ‘பொன்னியின் புதல்வர்’ கல்கியின் வாழ்க்கை வரலாறு. அன்பு மேலோங்க எழுதப்பட்ட பெரிய நூல். ஆதலால் விமர்சன நோக்கை அதில் அதிகம் எதிர்பார்க்க இயலாது. எனினும், பள்ளிப் பருவத்தில் வந்தியத்தேவனோடு குதிரையேறி வீராணத்து ஏரிக்கரையில் சென்றவர்கள் அதை ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். ஆசிரியரை அறிந்தபின் நாவல் வேறொன்றாகத் தெரிகிறது.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காக 1921இல் பள்ளிப் படிப்பை விட்டார். 1922இல் ஓராண்டு, 1930இல் ஆறு மாதம், 1941இல் மூன்று மாதம் என மூன்று முறை சிறை சென்றார். இடையே திரு.வி.க.வின் ‘நவசக்தி’, திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு மதுவிலக்குப் பிரசார இதழான ‘விமோசனம்’, பிறகு ‘ஆனந்த விகடன்’. கதர் உடுத்தி, கள்ளுக்கடைக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்த இந்த மனிதரா பழுவேட்டரையர்களையும் பாண்டிய ஆபத்துதவிகளையும் படைத்தவர் என்று வியப்பு எழுகிறது.

மூன்றாம் சிறைவாசத்துக்குப் பின், 1941 ஆகஸ்டில், சதாசிவத்தோடு சேர்ந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். அதற்கான முதல் திரட்ட எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வாண்டே அவ்விதழில் தொடங்கியது ‘பார்த்திபன் கனவு’. பேரரசுக்குக் கப்பம் கட்ட மறுக்கும் ஒரு சிற்றரசனின் கதையை, சிறையிலிருந்து வெளிவந்த அவ்வாண்டிலேயே அவர் எழுதத் தொடங்கியது தற்செயல் என்று நான் கருதவில்லை. அடிமை நாட்டின் எழுத்தாளருக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. விடுதலைக்குப் பின் கேள்வி மாறிவிட்டது: நாடு நம்முடையதாயிற்று, அரியணையில் அமர்பவர் யார்? 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ அதைத்தான் கேட்கிறது.

இங்கேதான் வரலாறு அவருக்கு இடையூறாக நின்றது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைச் சுட்டி, அவர்களுடைய நிலங்களைப் பறித்த செய்தியைக் கூறுகிறது. கொலை நடந்தது உத்தம சோழன் பட்டத்துக்கு வருமுன். நிலம் பறிக்கப்பட்டதோ அவன் ஆட்சி முடிந்து ராஜராஜன் வந்த பின். இடைப்பட்ட ஆண்டுகளில் நடவடிக்கை ஏன் இல்லை? இதைக் கொண்டே நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனை ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். மறுபுறம், திருவாலங்காட்டுச் செப்பேடு, சிறிய தகப்பனுக்கு அரசாசை உள்ளவரை அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று புகழ்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால், கொலையால் பயன் பெற்றிருக்கக் கூடியவனுக்கே தியாகி முடியைத் தருகிறான் என்றாகிவிடும்.

கல்கி செய்த தந்திரம் (நாவலை இன்னும் வாசிக்காதவர்கள் பொறுத்தருள்க) உத்தம சோழனை இரண்டாகப் பிளந்ததுதான். பதவி வெறி கொண்ட மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகனே அல்லன். உண்மை மகன் பூத்தொடுக்கும் சிவபக்தன் சேந்தன் அமுதன். ஐயத்தின் நிழல் படாத கைகளுக்கு முடி போகிறது. சாகசக் கதையின் கடைசிப் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று பெயர் வைப்பதும், நாயகன் வாளால் வெல்லாமல் மறுப்பால் உயர்வதும், காந்தியின் முகாமில் வளர்ந்தவருக்கே இயல்பாக வரும். வரலாற்றாசிரியன் இந்த ஆள்மாறாட்டத்தை ஏற்க மாட்டான். நாவலாசிரியருக்கோ, கொலையின்மீது எழுந்த அரியணையை வாசகனிடம் நீட்ட மனம் வரவில்லை. 2022, 2023இல் வந்த மணிரத்னத்தின் படங்கள் இந்த முடிச்சைக் கைவிட்டு, மதுராந்தகனுக்கே முடி சூட்டின. கதை எளிதாயிற்று; கல்கியின் தயக்கம் காணாமற்போயிற்று.

புதுச்சேரியிலிருந்து வாசிப்பவனுக்கு இன்னொன்றும் படுகிறது. தொடர் வெளிவந்த ஆண்டுகள் முழுவதும் இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. தொடர் முடிந்த அதே 1954இல், அக்டோபர் 18 அன்று, ரெட்டியார்பாளையத்திலிருந்து வில்லியனூர் வழியே மேற்கே செல்லும் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. டிசம்பர் 5இல் கல்கி காலமானார், ஐம்பத்தைந்து வயதில்.

கரிகாலனைக் குத்தியவர் யார் என்பதை ஐந்து பாகங்களிலும் அவர் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டும் பெயர்களைத் தருகிறதேயன்றி, அவர்களை ஏவியவர் யார் என்று சொல்லவில்லை.