பாரோ பிறந்த கதை

முதியோர் இல்லத்தில் ஒரு நாயோ பூனையோ மடியில் வந்து படுத்தால், நாள் முழுக்க வாய் திறக்காதவர்கூட அதனிடம் பேசுவார். செவிலியர்களுக்கு இது வெகுநாளாகத் தெரியும். ஆனால் ஒவ்வாமை, நோய்த்தொற்று, கடி, நகக்கீறல் என்று பயந்து பல மருத்துவமனைகள் பிராணிகளை வாசலோடு நிறுத்திவிடுகின்றன. ஜப்பானிய அரசு ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் தகனோரி ஷிபாதா 1993-இல் இந்தச் சிக்கலை ஒரு ரோபோவால் தீர்க்கக் கையிலெடுத்தார்.

ரோபோ என்றால் அப்போது தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் இரும்புக்கைதான். ஷிபாதா செய்ய நினைத்த பாரோ என்ற ரோபோவோ தூக்காது, துடைக்காது, மாத்திரை கொண்டுவராது. கூட இருப்பதுதான் அதற்கு வேலை.

நாய், பூனை வடிவங்களையும் அவர் முயன்றார். அவற்றை வளர்த்துப் பழகியவர்கள் நிஜப் பிராணியோடு ஒப்பிட்டுக் குறை கண்டார்கள். அதனால் கடல்நாய்க்குட்டியின் வடிவத்தைத் தேர்ந்தார். அதை யாரும் வீட்டில் வளர்த்ததில்லை. அது எப்படித் தலையைத் திருப்பும், எப்படி முனகும் என்று தெரியாததால் மனம் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. பாரோவுக்கு உயிர் தந்தது மோட்டார்களைவிட இந்த ஒரு தேர்வுதான் என்பது என் எண்ணம். கனடாவின் வடகிழக்கே பனிப்பரப்புக்குப் போய், வெள்ளை ரோமம் போர்த்த ஹார்ப் சீல் என்னும் கடல்நாய்க்குட்டிகளின் குரலைப் பதிவுசெய்து வந்தார் ஷிபாதா. பாரோ எழுப்புவது அந்தக் குரலைத்தான்.

எடை சுமார் 2.7 கிலோ, நம் ஊரில் பிறந்த பச்சைக்குழந்தையைக் கையில் வாங்குவது போலத்தான் இருக்கும். ரோமத்தடியில் தொடுவுணரிகள் உண்டு. வெளிச்சம், ஒலி, வெப்பம், தான் கிடக்கும் நிலை ஆகியவற்றையும் அது உணரும். சார்ஜ் ஏற்றும் கருவிகூடக் குழந்தைகள் சப்பும் ரப்பர் காம்பின் வடிவில்தான். செயற்கை நுண்ணறிவு இங்கே அடக்கமாக வேலை செய்கிறது: தடவிக்கொடுத்தால், சற்றுமுன் செய்ததைத் திரும்பச் செய்யப் பழகும், அடித்தால் அதைத் தவிர்க்கும். அடிக்கடி கூப்பிடும் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவும் கற்றுக்கொள்ளும்.

2005-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2009-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை மருத்துவக் கருவியாக ஏற்றது. இன்று டிமென்ஷியா நோயாளிகளின் பதற்றத்தைத் தணிக்கப் பல நாடுகளில் பயன்படுகிறது.

எதிர்ப்பும் எழுந்தது. தன் துயரத்தைச் சொல்லும் மூதாட்டிக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாத பொம்மையைக் கொடுப்பது சரிதானா என்று கேட்டார் எம்ஐடி பேராசிரியர் ஷெர்ரி டர்க்கிள். நியாயமான கேள்வி. மடியில் பாரோவை வைத்துவிட்டு ஆள் நகர்ந்துவிட்டால், அது கைவிடுதலேதான். செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி குட்டியிடம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அதைப் பிடித்துக்கொண்டே அவரோடு பேசத் தொடங்கினால் கதையே வேறு. டென்மார்க்கில் பாரோவைக் கையாள ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பயிற்சி இல்லாமல் எந்த இல்லமும் இதை வாங்கக் கூடாது என்பேன்.