தாம்பரம் மின்ரயிலும் மின்தடை வரிசையும்

1931 மே 11 அன்று மதராஸ் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை அது. தலைக்கு மேலே கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். பம்பாய்க்கு 1925-இலேயே மின்ரயில் வந்துவிட்டது என்றாலும், நாட்டில் மின்மயமான முதல் மீட்டர் கேஜ் பாதை இதுதான்.

சுமார் 29 கிலோமீட்டரில் மாம்பலம், சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம் என்று அடுத்தடுத்து நிலையங்கள். வண்டி ஓடுவதைவிட நின்று கிளம்புவதுதான் இங்கே பெரும்பாடு. ஓடும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை எழுந்து மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும். நின்ற மோட்டாரில் அது இல்லை. சுருளின் மின்தடையோ ஓர் ஓமில் சிறு பங்கு. முழு அழுத்தத்தையும் நேராகக் கொடுத்தால் சுருள் கருகிவிடும். ஆகவே அக்கால நேர்மின் ரயில்கள் மோட்டாரோடு மின்தடைகளைத் தொடராக இணைத்துக் கிளம்பின. வேகம் கூடக்கூட அவை ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன.

தடை முன்னே இருந்தாலும் மோட்டார் முன்னே இருந்தாலும் மின்னோட்டம் ஒன்றே. தொடர்ச் சுற்றில் இடம் மாறுவதால் கூட்டுத்தொகை மாறாது. மாறுவது ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள மின்னழுத்தம். கம்பிப் பக்கம் தடை, தண்டவாளப் பக்கம் மோட்டார் என்றால், கிளம்பும்போது அழுத்தத்தில் பெரும்பகுதி தடையிலேயே இறங்கிவிடும். மோட்டாரின் காப்புக்குச் சுமை குறைவு. திருப்பிப் போட்டால் வண்டியின் இழுவை அதேதான், ஆனால் மோட்டார் முழுதும் ஏறக்குறைய 1,500 வோல்ட்டில் நிற்கும்.

உண்மையான சிக்கனம் மோட்டார்களை இணைத்த விதத்தில் இருந்தது. இரு மோட்டார்களைத் தொடக்கத்திலிருந்தே பக்க இணைப்பில் வைத்து, தடையால் மட்டும் கட்டுப்படுத்தினால், கிளம்பும்போது இழுக்கும் ஆற்றலில் பாதி வெப்பமாகப் போகும். முதலில் தொடராகவும் பாதி வேகத்துக்குப் பின் பக்க இணைப்பாகவும் மாற்றினால் மூன்றில் ஒரு பங்குதான் வீண். வேகம் அதே; இழுக்கும் மொத்த ஆற்றலும் குறைவதால், வீணாகும் ஆற்றல் முந்தைய அளவில் சரிபாதி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிற்கும் புறநகர் வண்டிக்கு இது சின்ன லாபம் அல்ல.

1967-இல் பாதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. வண்டியிலுள்ள மின்மாற்றியே படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டித் தந்ததால், தொடக்கத் தடைகளுக்கு வேலை போயிற்று. மாறுமின்னோட்டத்தை நேராக்கும் சிலிக்கன் டையோடுகளைத் திடீர் அழுத்த எழுச்சியிலிருந்து காக்க, ஒரு மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் தொடராகக் குறுக்கே இணைப்பது வழக்கம். இரு முனைகளை மட்டும் பார்க்கும் இந்த இணைப்பில் எது முன்னே என்பது பொருட்டே அல்ல.

நடுப்புள்ளியிலிருந்து வெளியீடு எடுத்தால் கதை வேறு. தடை முன்னும் மின்தேக்கி தரைப் பக்கமும் இருந்தால் உயர் அதிர்வெண் அலைகள் மட்டுப்படும். இடம் மாற்றினால் நேர்மின்னோட்டம் அடைபடும். இத்தகைய இரு கட்டங்களை அடுக்கினால் அவற்றின் வரிசையும் பேசும். 1 கிலோ ஓம்–1 மைக்ரோஃபாரட், 10 கிலோ ஓம்–0.1 மைக்ரோஃபாரட் ஆகிய இரண்டுக்கும் நேர மாறிலி தனித்தனியே 1 மில்லிவினாடிதான். சிறிய தடை முதலில் வந்தால் மொத்தத் தாமதம் 2.1 மில்லிவினாடி, பெரியது முதலில் வந்தால் 12. பின்கட்டம் முன்கட்டத்திலிருந்து மின்னோட்டம் இழுப்பதே காரணம்.

கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் சேவை 2004-இல் நிறுத்தப்பட்டது; இன்று அங்கே ஓடுபவை அகலப்பாதை வண்டிகள்.