எழுதும் பெண்கள்: ஹங்கேரியப் பூத்தையலின் வரலாறு

ஹங்கேரிய நாட்டுப்புற ஆடை என்றவுடன் நினைவுக்கு வருவது இடைவெளியின்றிப் பூக்கள் நெருங்கிய பூத்தையல். சுற்றுலா ஏடுகள் இதனைத் தொன்றுதொட்ட மரபென்று போற்றுகின்றன. ஆயினும் இன்று நாம் காணும் பன்னிறக் கோலங்களில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் உருவானவையே. 1848-இல் பண்ணையடிமை முறை ஒழிந்ததும், ஆலைத் துணியும் சாயமிட்ட நூலும் சிற்றூர்ச் சந்தைகளை எட்டியதும் அவற்றுக்கு வழிவகுத்தன.

அதற்கு முன்னர் இக்கலையின் ஒரு பெரும்பகுதி ஆண்களின் கையில் இருந்தது. மேய்ப்பரும் உழவரும் அணிந்த 'சூர்' என்னும் கம்பளி மேலங்கியையும், ஆட்டுத்தோல் சட்டைகளையும் தைத்துப் பூவேலை செய்தவர்கள் தொழிற்குழுக்களைச் சேர்ந்த கைவினைஞர்கள். அலங்கார மேலங்கிக்காக ஏழைகள் தகுதிக்கு மீறிச் செலவிடுகிறார்கள் என்று கூறி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில மாவட்ட ஆட்சிகள் அதற்குத் தடையும் விதித்தன. 1872-இல் தொழிற்குழுக்கள் கலைக்கப்பட்டன. தோலில் மலர்ந்த பூக்கள் பெண்களின் துணித் தையலுக்கும் இடம்பெயர்ந்தன.

துணியின்மேல் முதலில் கோலத்தை வரைந்து கொடுக்கும் பெண்ணை ஹங்கேரிய மொழி 'எழுதும் பெண்' என்றே அழைக்கிறது. தொய்யில் எழுதிய சங்க இலக்கியத்தைப் பயின்ற நமக்கு இச்சொல்லாட்சி அயலாகத் தோன்றாது. இவர்களுள் புகழ் மிக்கவர் மெஸோகோவெஷ்த் என்னும் ஊரைச் சேர்ந்த கிஷ் யங்கோ போரி (1876–1954). அவர் எழுதிய ரோஜாக்களே பின்னர் அவ்வட்டாரத்தின் அடையாளமாயின.

வட்டாரத்துக்கு வட்டாரம் மரபு வேறுபடுகிறது. தன்யூப் நதிக்கரையை அடுத்த கலோச்சாவில் தொடக்கத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலே ஓடியது. பல வண்ணங்கள் 20-ஆம் நூற்றாண்டில் வந்தன. அங்கே பெண்கள் அதே பூக்களை வீட்டுச் சுவர்களிலும் தீட்டினர். திரான்சில்வேனியாவின் கலோதசெக் பகுதியிலோ ஒரே நிறத்தில் அமைந்த தடித்த தையலே சிறப்பு. 1920-இல் கையெழுத்தான திரியானோன் உடன்படிக்கையால் அப்பகுதி ருமேனியாவுக்குரியதாயிற்று; அதன்பின் அங்குள்ள ஹங்கேரியருக்கு ஆடை இன அடையாளமாகவும் ஆனது. வட்டாரங்கள் பலவற்றில் ஆடையின் நிறம் வயதையும் உணர்த்தியது. இளையோர்க்குச் சிவப்பு, வயது கூடக் கூட நிறம் இருளும்.

மெஸோகோவெஷ்தைச் சூழ்ந்து வாழும் மத்யோ மக்களின் ஆடையே இவற்றுள் மிகவும் பகட்டானது. அம்மக்களோ மிகவும் வறியவர்கள். நிலமற்ற குடும்பங்கள் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை தொலைதூரப் பெரும்பண்ணைகளில் பருவக் கூலிகளாக உழைத்தன. அக்கூலியில் பெரும்பங்கு ஆடைக்கும் அதில் தைக்கும் உலோகச் சரிகைக்கும் போயிற்று. "வயிறு இரைந்தாலும் சரி, ஆடை மின்னட்டும்" என்ற பொருளில் அங்கே ஒரு பழமொழி உண்டு. 1925-இல் திருச்சபையின் தூண்டுதலால் அம்மக்களின் சரிகை அணிகள் ஊரறியத் தீயிட்டு எரிக்கப்பட்டன. வீண்செலவைத் தடுப்பதே நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எரிந்தது ஆண்டு முழுதும் பிறர் நிலத்தில் குனிந்து நின்றவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நிமிர்ந்து நடப்பதற்காக வாங்கிய பொருள். கூலியை உயர்த்த இயலாத சமூகம் அதைச் செலவிடும் முறையைத் திருத்த முனைந்தது.

அதே காலத்தில் அப்பூத்தையலுக்கு நகரங்களில் சந்தை விரிந்தது. கூலிக்குத் தைத்த பெண்கள் நகரத்தார் மேசைவிரிப்புகளில் ரோஜாக்களை நிரப்பினர். தமக்குத் தைத்துக்கொண்டால் ஆடம்பரம், பிறருக்குத் தைத்தால் தேசியக் கலை என்னும் முரண் அவர்களுக்கு வாய்த்தது.

2012-இல் மத்யோ பூத்தையல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. தகுதியான பெருமையே. எனினும் அந்த ரோஜாக்களை ஹங்கேரிய ஆன்மாவின் வெளிப்பாடென்று மட்டும் வியந்து நின்றால், அவற்றைப் பாதி மட்டுமே படித்தவர்களாவோம். மறுபாதியில் கூலிக் கணக்கு இருக்கிறது.