எல்லாம் ஒரிஜினலா சார்?

ஆரம்பாக்கத்துல இருந்து சென்னைக்கு பஸ் ஏறினா வழியில சோழவரம் வரும். ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் இருந்த ஊர். 1953ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் கார் பந்தயம் நடத்திச்சு. 1990ல இருங்காட்டுக்கோட்டையில தனி டிராக் வந்ததும் சோழவரத்துல சத்தம் அடங்கிடுச்சு.

அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார், மேல்கூரையை மடக்கிவிடற ரகம், ஒண்ணு விலைக்கு வருதுன்னு வைங்க. வாங்க வர்றவர் கேக்கற முதல் கேள்வி, "எல்லாம் ஒரிஜினலா சார்?"

நம்ம நாட்டுல இதுக்கு நேரா பதில் சொல்றது கஷ்டம் மக்களே. பல வருஷம் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. இங்கிலாந்துல இருந்து ஒரு போல்ட் வரவழைக்கறதே பெரும்பாடு. அப்புறம் வண்டி எப்படி ஓடிச்சு?

1955ல வந்த எம்.ஜி.ஏ. காரைப் பாருங்க. அதோட 1489 சிசி இன்ஜினும், 1959ல நம்ம அம்பாசடர்ல வந்த இன்ஜினும் ஒரே குடும்பம்! 1962ல வந்த ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயரோ ஹெரால்டு காரை அடிப்படையா வச்சு செஞ்சது. அந்த ஹெரால்டை 1961ல இருந்து ஸ்டாண்டர்டு கம்பெனி மெட்ராஸ்லயே தயாரிச்சுது. அதாவது சீமைக் காருக்கு இங்கேயே சொந்தக்காரங்க இருந்தாங்க. பொருந்தற சாமானை அவங்ககிட்ட வாங்கி மாட்டலாம். பொருந்தலைன்னா இருக்கவே இருக்கு புதுப்பேட்டை, லேத் பட்டறை.

இப்ப சிக்கல் என்னன்னா, 2021ல மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டுவந்துச்சு. 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர் பிளேட்ல 'வி ஏ'ன்னு எழுத்து. கைமாத்தினா விக்கறவர், வாங்கறவர் ரெண்டு பேருமே 90 நாளைக்குள்ள தகவல் சொல்லணும்.

அதனால பழசை மறைச்சு "அப்படியே கம்பெனி கண்டிஷன்"னு அடிச்சு விடற ஆசை வரும். வேணாங்க. எந்த வருஷம் என்ன மாத்தினோம், எங்கே வாங்கினோம்னு ஒரு நோட்டுல எழுதி சாவியோட கொடுத்துடுங்க. விலை கொஞ்சம் குறையலாம். ஆனா அந்தக் கார் இந்தியாவுல பொழைச்ச கதை அந்த நோட்டுலதான் இருக்கு.

எங்க ஏரிப் பக்கம் பழைய படகு வாங்கறவங்க எல்லாம் முதல் பலகைதானான்னு கேக்க மாட்டாங்க. எங்கே ஒட்டுப் போட்டிருக்கு, யார் போட்டதுன்னுதான் கேப்பாங்க. அதுதானே சரியான கேள்வி?