பீடித்தட்டும் பல்வலியும்

நான் கிராம சுகாதார செவிலியராகக் குத்துக்கல்வலசைத் தெருக்களில் நடந்த காலத்தில் கர்ப்பிணி, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு இவைதான் வேலை. பல்லைப் பார்க்க யாரும் எங்களை அனுப்பவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு பல்வலியில் வந்துதான் நிற்கும்.

தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் எல்லாம் பீடி சுற்றும் ஊர்கள். மடியில் தட்டு, தட்டில் நறுக்கிய இலை, ஓரத்தில் புகையிலைத் தூள். கடைவாய்ப் பல் வலித்தால் அதிலேயே ஒரு சிட்டிகை எடுத்து அடக்கிக்கொள்வார்கள். வலி மரத்துப்போகும். "பல்லைப் புடுங்க டவுனுக்குப் போனா ஒரு நாள் பீடி போயிரும்லா, நர்சம்மா" என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல? வலி போன பிறகும் தூள் மட்டும் நிற்காது. வருஷம் போகப் போகக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படை கட்டும். கூடப் பாக்கும் மென்றால் வாய் இறுகும். மூன்று விரலைச் சேர்த்து நிறுத்தினால் உள்ளே நுழையாது. இரண்டுமே வாய்ப் புற்றுநோய்க்கு முன்னோட்டமாகலாம்.

பல் துலக்குவதில் குறையே இல்லை. உமிக்கரி, வேப்பங்குச்சி, பிறகு ரோஸ் நிறப் பல்பொடி என்று ஏதோ ஒன்று எப்போதும் இருந்தது. புகையிலை கலந்த பல்பொடியையும் பற்பசையையும் மத்திய அரசு 1992ல் தடை செய்தது. தட்டில் கிடக்கும் தூளை எந்த ஆணை தடுக்கும்?

சென்னையிலேயே அரசுப் பல் மருத்துவப் படிப்பு 1953ல்தான் வந்தது. பல் டாக்டர் ஊர் ஊராக வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று காட்டியவர்கள் வீடு வீடாகப் போகும் பணியாளர்கள்தான். 1984ல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் சுமார் 28,000 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில், மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து 1996ல் பரிசோதனையைத் தொடங்கினார்கள். வெறும் கண்ணால் பார்ப்பதுதான் முறை. அதன் முடிவு 2005ல் 'லான்செட்' இதழில் வந்தது: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அந்தச் செய்தி நம் திண்ணைகளுக்கு வந்து சேரவில்லையே என்பது என் தீராத ஆதங்கம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது மகளிர் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியோடு வீட்டுக்கே வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: தட்டை இறக்கச் சொல்லாதீர்கள், கூலி போகும். சுற்றுகிறவர்கள் சுற்றட்டும், வாயை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி. டார்ச்சும் ஒரு நிமிஷமும் போதும்.