தெலவேயின் செடி

தோட்டங்களின் வரலாற்றை அவற்றை வடிவமைத்தவர்களின் வரலாறாகவே நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். இங்கிலாந்தின் பல்லாண்டுச் செடித் தோட்டங்கள் என்றதும் வில்லியம் ராபின்சனும் கெர்ட்ரூட் ஜெகிலும் நினைவுக்கு வருவர். அங்கே நிற்கும் செடிகள் எம்மலையிலிருந்து, எவர் கைவழியே வந்தன என்று நாம் கேட்பது அரிது.

அப்படிக் கேட்கத் தூண்டும் செடிகளுள் ஒன்று தாலிக்ட்ரம். இலைகள் சதாப்பிலையை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் இதனை 'மெடோ ரூ', அதாவது புல்வெளிச் சதாப்பு என்றழைத்தனர். இதன் இனங்களுள் ஒன்று நம் நீலகிரியிலும் வளர்கிறது. எனினும் தோட்டங்களில் புகழ்பெற்றது சீனத்து யுன்னானைச் சேர்ந்த தாலிக்ட்ரம் தெலவேயி. ஏறத்தாழ ஆளுயரம் எழும். ஆயினும் பின்னால் நிற்பதை மறைக்காது. நூல் போன்ற கிளைகளில் இளம் ஊதாப் பூக்கள் மூட்டமாய்ப் படர்ந்திருக்கும். அவற்றுக்கு அல்லி இதழ்களே கிடையா; நாம் இதழ்கள் என எண்ணுபவை புல்லி இதழ்களே.

பெயரில் வாழ்பவர் ழான் மரி தெலவே (1834–1895) என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1867இல் சீனம் சென்றவர். 1881இல் பாரிஸில் அர்மான் தாவீதைச் சந்தித்த பின், அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகச் செடிகளைச் சேகரிக்கலானார். யுன்னான் மலைகளில் நடந்து அவர் உலர்த்தி அனுப்பிய மாதிரிகள் 2,00,000க்கும் மேல் என்பர். பாரிஸில் அவற்றை ஆராய்ந்த அத்ரியான் ஃப்ரான்ஷே, 1886இல் இச்செடிக்குத் தெலவேயின் பெயரைச் சூட்டினார். இடையில் கொள்ளைநோய் தெலவேயின் உடல்நலத்தைக் குலைத்தது. யுன்னானிலேயே அவர் மறைந்தார். அவர் முதலில் கண்ட செடிகளுள் பல, ஜார்ஜ் ஃபாரெஸ்ட் போன்ற பிற்காலத்தவரின் முயற்சியாலேயே ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்தன.

இச்செடியின் அடுக்குப்பூ வகை 'ஹெவிட்ஸ் டபுள்'. இதன் மகரந்தத்தாள்கள் இதழ்களாகவே மாறிவிட்டமையால் விதை உண்டாவதில்லை. இளவேனிலில் வேர்க்கட்டையைப் பிரித்து நட்டால்தான் அடுத்த செடி. இலைமக்கு கலந்த ஈரமண்ணும், அரைநிழலும், காற்றுக்கு மறைப்பும், சாயாதிருக்க ஒரு கொம்பும் வேண்டும். பிரித்து நடுவோர் இல்லையேல் இவ்வகை அழியும். இன்று பூக்கும் ஒவ்வொரு செடியும் ஒருவர் தம் பாத்தியிலிருந்து பிரித்து மற்றொருவருக்குத் தந்ததன் தொடர்ச்சி.

பெயர்ப்பலகை ஒருவரைத்தான் நினைவுகூர்கிறது. அவர் வருமுன்பே அச்செடியைக் கண்டு பழகிய யுன்னான் மலைமக்களின் பெயர்கள் அதில் இல்லை; ஆண்டுதோறும் வேரைப் பிரித்து நட்ட தோட்டக்காரர்களின் பெயர்களும் இல்லை. தெலவேயின் உழைப்பை இது சிறிதும் குறைக்காது. ஆயினும் தோட்ட வரலாறு எழுதப்புகும் நாம், பலகையில் உள்ள பெயரோடு நின்றுவிடலாகாது.